எத்தனை கிராமம் வேண்டும்?

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில் இருக்கிறது முகையூர். ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. யானைக்கால் நோய் நெடுங்காலம் வேரூன்றியிருந்த வட்டாரமும் இதுதான். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கே மாத்திரை கொடுத்தால் போதுமா, கூடவே கொசுவையும் கட்டுப்படுத்த வேண்டுமா?

சில கிராமங்களில் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மாத்திரையோடு கொசுத் தடுப்பும் நடந்தது. இந்நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, வீட்டுக் கழிவுநீர் தேங்கும் குழிகளில் முட்டையிடும். அந்தக் குழிகளில் வெள்ளை வெளேரென்ற பாலிஸ்டைரின் மணிகளைக் கொட்டினார்கள். நாம் தெர்மாகோல் என்கிறோமே, அதன் சிறு உருண்டைகள். அவை தண்ணீரின் மேல் பரவி மூடிக்கொண்டால் கொசுப்புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது, தாய்க்கொசு முட்டையிடவும் இடம் கிடைக்காது. பிறகு கிராமத்தில் பிடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து, நோய் பரப்பும் நிலையில் உள்ள புழு இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எண்ணினார்கள். முடிவு 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. மாத்திரை நிறுத்தப்பட்ட பிறகும், கொசுத் தடுப்பு நடந்த கிராமங்களில் பலன் நிலைத்தது.

இதில் எங்கே புள்ளியியல் வருகிறது? கொசுவை எண்ணும்போதா? அதற்கு வெகு முன்பே. ஓராண்டு மழை பொய்த்தால் குழிகள் தாமாகவே வறண்டு கொசு குறையும். தெர்மாகோல் கொட்டிய கிராமத்தை மட்டும் பார்த்திருந்தால், மழை செய்த வேலைக்கு மணிகள் பெயர் வாங்கியிருக்கும். ஒப்பிட வேறு கிராமங்கள் இருந்தால்தான் எது எதன் வேலை என்று பிரிக்க முடியும். ஒரு தெருவில் பாதி வீட்டுக் குழியில் மணிகளைக் கொட்டி மீதி வீடுகளை ஒப்பீட்டுக்கு வைக்கவும் முடியாது. கொசு வீட்டு எண் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே ஒப்பிடும் அலகு மனிதனோ வீடோ ஆக முடியாது, கிராமம்தான். எதை எதோடு ஒப்பிடுவது, எத்தனை வேண்டும், எதை எண்ணுவது, யார் எண்ணுவது என்ற நான்கும் முடிவான பிறகுதான் ஆய்வு தொடங்குகிறது. மருத்துவர்கள் பலர் இன்றும் புள்ளியியலாளரை ஆய்வு முடிந்தபின், எண்கள் நிரம்பிய கோப்போடு தேடிப் போகிறார்கள். அப்போது அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்த நான்கு முடிவுகளும் எவ்வளவு வலிமையானவை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதி சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். அந்நாளில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், உறவுகளிடமிருந்து பிரிவு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எந்த மூலைக்கு? அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரைகளை வீட்டிலேயே விழுங்கினால் குணமாகுமா என்பதுதான் கேள்வி.

நோய் லேசாக உள்ளவரை வீட்டுக்கு அனுப்பி, முற்றியவரைச் சானடோரியத்தில் சேர்ப்பது மருத்துவரின் இயல்பான கருணை. ஆய்வில் அந்தக் கருணைக்கு இடம் கொடுத்தால் வீட்டில் இருந்தவர்கள் நன்றாகக் குணமானதாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் முதலிலேயே கொஞ்சம் நலமானவர்கள். இந்த ஓட்டையை அடைக்க வழிகாட்டியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர். பிரிட்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில், யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் எண்களால் முடிவுசெய்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளியை ஆய்வில் சேர்த்தான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள்.

சென்னையிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 193 பேர். வீட்டில் 96, சானடோரியத்தில் 97. இரு குழுவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம்.

அவசரக்காரர் இங்கே சானடோரியம்தான் மேல் என்று சொல்லிவிடுவார். 100 பேருக்கும் குறைவான இரண்டு குழுக்களில் 6 புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்று புள்ளியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டுவார். அவரே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இத்தனை சிறிய ஆய்வால் சானடோரியத்துக்குக் கொஞ்சமும் அனுகூலம் இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. சென்னை மையம் இரண்டாவதையும் மதித்தது. நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் உடன் வாழ்ந்த மனைவி, மக்கள், பெற்றோர் எல்லோரையும் பரிசோதித்தார்கள். நோய் திரும்புவதிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குடும்பத்தாரைப் பற்றிய 1960-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் எஸ். ராதாகிருஷ்ணா, மையத்தின் புள்ளியியலாளர். உலகெங்கும் டி.பி. சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கும் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கும் வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. முகையூரில் ஒருவருக்கு இன்று டி.பி. என்றால் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இதைவிடப் பிரம்மாண்டமானது. சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. குப்பியில் இருப்பது எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. எண் மட்டும்தான். 15 ஆண்டுகள் கழித்தும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.க்குப் பலன் காணப்படவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது, ஆகவே இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். ஆனால் பெரியவர்களைப் பற்றி உலகம் வைத்திருந்த நம்பிக்கையை அசைத்தது நம்மூர் ஆய்வு. குறியீட்டு எண் இல்லாத ஆய்வாக இருந்திருந்தால், இப்படி யாரும் விரும்பாத முடிவு வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்து திண்டுக்கல். இந்த எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த சோதனைக்கூடம் தேவையில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணாலேயே பார்க்கலாம். 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 கொத்துகளாகப் பகுதிகளைப் பிரித்து, 57 கொத்துகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஒருமுறை இந்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதி 57 ஒப்பீட்டுக்கு. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் நடத்திய ஆய்வு இது. 2007-இல் லான்செட் இதழில் வந்தது.

அழைக்கப்பட்ட பக்கத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 167 பேர். ஒப்பீட்டுப் பக்கத்தில் 158 பேர். இந்த இரண்டு எண்ணை மட்டும் செய்தியாகப் போட்டால் பரிசோதனையால் புற்றுநோய் கூடியது போலிருக்கும். ஆனால் முதல் பக்கத்தில் இருந்த பெண்கள் 49,311. இரண்டாவது பக்கத்தில் 30,958. லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் முதல் பக்கம் சுமார் 339, இரண்டாவது பக்கம் சுமார் 510. இறந்தவர்கள் 83-ம் 92-ம். லட்சத்துக்கு 168, 297. எத்தனை காலம் பின்தொடர்ந்தார்கள், இரு பக்கத்துப் பெண்களின் வயது எப்படி, ஒரே கொத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் சரிக்கட்டிய பிறகு வந்த விடை: நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைவு. சரிக்கட்டியதும் பலன் சற்றுச் சிறிதானதைக் கவனியுங்கள். நல்ல புள்ளியியலாளர் கையில் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் அடக்கமாகும்.

அழைக்கப்பட்ட 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். மூன்றில் ஒருவருக்கும் மேல் வரவில்லை. வராதவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன? வேண்டவே வேண்டாம். பரிசோதனைக்கு வரும் பெண்ணும் வராத பெண்ணும் ஒரே மாதிரி அல்லர். வந்தவர் படித்தவராக, கூலி போனாலும் தாங்கக்கூடியவராக, உடம்பைக் கவனிப்பவராக இருக்கலாம். அவரை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் பரிசோதனையாலா, அவர் நிலைமையாலா என்று தெரியாது. அதனால் எந்தப் பக்கத்தில் சீட்டு விழுந்ததோ அந்தப் பக்கத்திலேயே எல்லோரையும் எண்ணினார்கள். ஆரம்ப சுகாதாரத்துக்கு இதுதான் உண்மையான கணக்கும்கூட. நாளை அரசு இத்திட்டத்தைக் கொண்டுவந்தால் அப்போதும் எல்லோரும் வரப்போவதில்லை.

ஒப்பீட்டுப் பக்கத்துப் பெண்களுக்கு அப்பரிசோதனை தரப்படாதது பற்றிப் பின்னாளில் கடுமையான விமர்சனம் எழுந்தது. அது எழ வேண்டிய கேள்விதான். இங்கே புள்ளியியலாளர் கணக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுப்பவர் அவர். தேவைக்கு மேல் எழுதினால் அத்தனை பேரும் வீணாகக் காத்திருக்கிறார்கள். தேவைக்குக் குறைவாக எழுதினால் விடையே கிடைக்காமல் எல்லோருடைய ஒத்துழைப்பும் வீணாகிறது. பெரிய ஆய்வுகளில் ஆய்வாளர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழு நடுநடுவே எண்களைப் பார்த்து, ஒரு பக்கம் தெளிவாகத் தீங்கோ நன்மையோ தெரிந்தால் நிறுத்தச் சொல்லும். அந்தக் குழுவிலும் புள்ளியியலாளர் கட்டாயம் உண்டு.

இப்போது முகையூருக்கே வருவோம். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அத்திட்டத்தில் ஒரு புது ஏற்பாட்டைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரை கொடுப்பதோடு, உப்பைக் குறைப்பது பற்றியும் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது பற்றியும் ஒவ்வொரு மாதமும் கால் மணி நேரம் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுகிறார். இப்போது 100-க்கு 40 பேருக்கு பி.பி. கட்டுக்குள் இருக்கிறது, பேசினால் 50 பேருக்கு ஆகும் என்பது நம் எதிர்பார்ப்பு. இவை உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையாகவே அந்தப் பலன் இருந்தால் 80 சதவீதம் அது நம் கண்ணில் பட வேண்டும், இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லும் அபாயம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வழக்கமான சூத்திரப்படி ஒரு பக்கத்துக்கு 385 பேர் போதும்.

அப்படியானால் முகையூர் ஒன்றியத்திலேயே முடித்துவிடலாமா? முடியாது. ஒரு தன்னார்வலரிடம் 'இந்த வீட்டில் பேசுங்கள், அடுத்த வீட்டில் பேசாதீர்கள்' என்று சொல்ல முடியாது. அவர் கற்றதை மறக்கவும் மாட்டார், அடுத்த வீட்டுக்காரி திண்ணையில் உட்கார்ந்து கேட்காமலும் இருக்க மாட்டாள். எனவே ஆரம்ப சுகாதார நிலையம் நிலையமாகத்தான் குலுக்க வேண்டும். குலுக்கினால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒரே மருத்துவரைப் பார்ப்பவர்கள், ஒரே கடையில் மளிகை வாங்குபவர்கள், ஒரே மாதிரி ஊறுகாய் சாப்பிடுபவர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. அதனாலேயே அந்தப் பானையிலிருந்து நூறு சோற்றை எடுத்து நசுக்கினாலும் பக்கத்துப் பானையைப் பற்றி எதுவும் தெரியாது.

இந்த ஒற்றுமைக்கு ஓர் எண் உண்டு. ஆரம்ப சுகாதார ஆய்வுகளில் அது சிறியதாகவே இருக்கும். 0.05 என்று வைப்போம். ஒரு நிலையத்திலிருந்து எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 0.05-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது ஊதிப் பெருக்கும் காரணி. நிலையத்துக்கு 40 பேர் என்றால் காரணி 2.95. அதாவது ஒரு பக்கத்துக்கு 385 பேர் போதாது, 1,136 பேர் வேண்டும். நிலையங்கள் 29. நிலையத்துக்கு 100 பேராக உயர்த்தினால்? காரணி 5.95 ஆகிறது, நிலையங்கள் 23. நிலையத்துக்கு 1,000 பேரைச் சேர்த்தாலும் பக்கத்துக்கு 20 நிலையம் வேண்டும். ஆட்களை 25 மடங்கு கூட்டியும் மிச்சமானது ஒன்பதே நிலையம்! எத்தனை பேர் என்று கேட்பதைவிட எத்தனை கிராமம், எத்தனை நிலையம் என்று கேட்பது முக்கியமாவது இதனால்தான்.

சமவெளியில் ஏறத்தாழ 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. ஓர் ஒன்றியத்தில் கிடைப்பவை சிலவே. நிலையத்துக்கு 40 பேர் வீதம் இரு பக்கமும் சேர்த்து 58 நிலையம் வேண்டுமென்றால் முகையூரோடு திண்டிவனம், செஞ்சி, கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பரவியாக வேண்டும். செலவு, வண்டி, ஆள், அனுமதி எல்லாமே மாறுகின்றன. இதை ஆய்வு முடிந்தபின் கண்டுபிடித்தால் ஈடுசெய்ய வழியே இல்லை. முகையூரில் இரண்டு நிலையங்களை எடுத்து ஒன்றில் பேசி, மற்றொன்றில் பேசாமல் விட்டு, ஆயிரம் பேரின் பி.பி.யை அளந்த ஆய்வு, உண்மையில் இரண்டு பேரை ஒப்பிட்ட ஆய்வுதான்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறத்தில் ஏறத்தாழ இதே மாதிரி ஆய்வு நடந்தது. 30 கொத்துகள், 2,645 பேர், இரண்டு ஆண்டுகள். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் பி.பி. பார்த்தார்கள், ஆலோசனை சொன்னார்கள், மருத்துவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2020-இல் வந்த முடிவில் அந்த ஏற்பாடு கிடைத்தவர்களுக்கு மேல் பி.பி. சராசரியாக 9.0 புள்ளி இறங்கியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கும் 3.9 புள்ளி இறங்கியது. ஏன் இறங்கியது? பி.பி. அதிகமாக இருந்த நாளில் ஆய்வில் சேர்த்தவர்களை மறுபடி அளந்தால் பலருக்கும் தானாகவே குறைந்திருக்கும். அளக்கிறார்கள் என்று தெரிந்தாலே சிலர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள். ஏற்பாட்டுக்கு உரிய பங்கு சரிக்கட்டிய கணக்கில் 5.2 புள்ளி. ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் ஒன்பதையும் நாம் ஏற்பாட்டின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

அளக்கும் கையையும் புள்ளியியலாளர் பார்க்க வேண்டும். பாதரச பி.பி. கருவியில் இரண்டு இரண்டு புள்ளியாகக் கோடு இருக்கும். நேர்மையாகப் படித்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆகியவை ஏறக்குறைய சமமாக வரும். பூஜ்யம் ஐந்தில் ஒன்று. நெரிசலான புறநோயாளிப் பிரிவின் பதிவேடுகளில் 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யமாகவே நிறைவது உலகம் முழுக்க அறிந்த பழக்கம். செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் நூறு பேர் வரிசையில் நின்றால் யாருக்கும் கை அப்படித்தான் எழுதும். ஆனால் கட்டுப்பாட்டின் எல்லை 140 என்று இருக்கும்போது 142-ஐ 140 என்று எழுதுவதா, 138-ஐ 140 என்று எழுதுவதா என்பது ஆய்வின் முடிவையே மாற்றும். அதனால் முதல் மாதத்திலேயே கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்த்து, தானியங்கிக் கருவி கொடுங்கள் என்று கேட்பது அவர் வேலை.

மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் அளவெடுக்க வராதவர்கள் இருப்பார்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ கட்டட வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். வராதவர்களின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மீதியைக் கூட்டினால், வேலைக்குப் போக முடியாத முதியவர்களின் ஆய்வாக அது சுருங்கிவிடும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறித்துவைக்கச் சொல்லிப் படிவத்தில் இடம் விடுவதும், அதற்கேற்ற கணக்கைத் தேர்வதும் ஊரின் பயிர்க்காலம் தெரிந்த புள்ளியியலாளரால்தான் ஆகும். அலுவலக மேசையைவிட்டு ஒருமுறையாவது அவர் கிராமத்துக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே பதிவுசெய்யும் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதை அமைத்தது தேசிய மருத்துவப் புள்ளியியல் நிறுவனம். 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயமானது. எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேர், எப்படிக் குலுக்குகிறோம் என்பதை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ஊரறிய எழுதிவைக்க வேண்டும். பிறகு வசதிக்கேற்ப மாற்றினால் யாரும் பார்த்துவிடலாம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஆய்வில் சேரச் சொல்லி ஒப்புதல் படிவம் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? எங்களை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? எத்தனை ஊர்களில் செய்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். வராவிட்டால் வந்த பிறகு சேர்கிறேன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.